தட்டணுவுக்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடப் போகிறவர்களுக்கு

ரத்தத் தட்டணுவுக்குள் ஒரு புரதம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தங்கத் துகள் கொண்டு அடையாளம் காணும் வேலையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. சீவல் எடுக்கும் கருவியோடு மல்லுக்கட்டியதில்தான் அந்தக் காலம் கரைந்தது என்று அப்போது நினைத்தேன். பழைய குறிப்பேடுகளைத் திருப்பிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. வீணான மாதிரிகளில் பெரும்பாலானவை, ரத்தம் எடுத்த முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கெட்டுவிட்டிருந்தன. அதற்குப் பிந்தைய படிகளில் செய்த தவறுகளை மறுநாளே திருத்திக்கொள்ள முடிந்தது. கெட்ட தட்டணுவை மட்டும் எதைக் கொண்டும் மீட்க முடியவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் தொடக்கப் படிகளுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன். நான் சொல்வது ஜெலட்டினில் பதித்து, உறைய வைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, எதிர்ப்பொருளும் தங்கமும் ஏற்றும் முறை. எதிர்ப்பொருள் நாம் தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்; அதோடு சேரும் தங்கத் துகள் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும். டொக்குயாசு முறை என்று ஆய்வகங்களில் சொல்வார்கள். ரெசினில் பதிக்கும் வழியும் உண்டு. தட்டணுவின் உள் புரதங்களைத் தேட வருகிறவர்களுக்கு இந்த முறையையே நான் பரிந்துரைப்பேன். ரெசின் வழியில் வழக்கமாகப் பயன்படும் ஆஸ்மியமும் (ஒரு கன உலோகச் சேர்மம்) எப்பாக்சி ரெசினும் பல புரதங்களை எதிர்ப்பொருளால் அடையாளம் காண முடியாதபடி ஆக்கிவிடுகின்றன.

1. ஊசியைத் தொடுமுன் தாள்களை முடியுங்கள்

மனித ரத்தம் எடுக்க நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் எவ்வளவு ரத்தம், எத்தனை பேரிடம், எத்தனை முறை என்று எழுதும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பழகும் காலத்தில் வீணாகும் மாதிரிகளையும் சேர்த்தே எண்ணுங்கள். நான் உண்மையான ஆய்வுக்குத் தேவையான எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். பாதி வழியில் திருத்த விண்ணப்பம் போட்டு மீண்டும் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இன்னும் நான்கு தாள்கள் தேவைப்படும். கொடையாளரின் சம்மதப் படிவம். கடந்த பத்து நாட்களில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரை எதையும் அவர் எடுக்கவில்லை என்ற குறிப்பு. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள், ஆஸ்பிரின் பட்ட தட்டணு அந்த ஆயுள் முழுதும் அப்படியே இருக்கும். ரத்தத்தைக் கையாளப் போகும் உங்களுடைய ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று. கடைசியாக, சாயமாகப் பயன்படும் யுரேனைல் அசிட்டேட்டை வைத்திருப்பதற்கும் அதன் கழிவை ஒப்படைப்பதற்கும் உங்கள் நிறுவனத்தின் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவு தரும் அனுமதி. கடைசித் தாளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சாயம் ஏற்ற வேண்டிய நாளில் அலமாரி பூட்டியிருக்கும்.

2. எதிர்ப்பொருளைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து எதிர்ப்பொருளால் தேடும் சோதனை) அழகான பட்டை தந்த எதிர்ப்பொருள் சீவலில் எதையும் பற்றாமல் போகலாம். அங்கே புரதம் மடிப்பவிழ்ந்து கிடந்தது. இங்கே நிலைப்படுத்தியான ஃபார்மால்டிஹைடு அதை மடிந்த நிலையிலேயே பிணைத்து வைத்திருக்கிறது. முதலில் சிறு அளவு வாங்கி, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே நிலைப்படுத்தியில் ஊறிய தட்டணுக்களின் 200 முதல் 300 நானோமீட்டர் சீவலில் ஒளிர்சாயத்தோடு பாருங்கள். அங்கே ஒளிராத எதிர்ப்பொருளுக்காக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரம் பதிவு செய்ய வேண்டாம்.

உங்கள் புரதத்தோடு, இருப்பிடம் ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒரு புரதத்துக்கான எதிர்ப்பொருளையும் வாங்கியே தீர வேண்டும். ஃபைப்ரினோஜன் நல்ல தேர்வு. தட்டணுவின் சேமிப்புப் பைகளான ஆல்ஃபா நுண்மணிகளுக்குள் ஏராளமாக இருக்கும். வான் வில்லிபிராண்ட் காரணி அதைவிட நுட்பமான சோதனை. அது ஆல்ஃபா நுண்மணியின் ஓர் ஓரத்தில், நுண்குழல் போன்ற அமைப்புகளோடு ஒதுங்கியிருக்கும். தங்கம் அந்த ஓரத்தில் மட்டும் கூடியிருந்தால் உங்கள் முறை சரியாக வேலை செய்கிறது என்று நம்பலாம். சவ்வுக்கு பி-செலக்டின்: ஓய்வில் இருக்கும் தட்டணுவில் அது ஆல்ஃபா நுண்மணியின் சவ்வில் இருக்கும், தூண்டப்பட்டால் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஆகவே உங்கள் தட்டணு ஓய்வில் இருந்ததா என்பதற்கும் அதுவே சாட்சி.

3. ரத்தம் எடுக்கும் அரை மணி நேரம்

தட்டணு 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிறு தட்டு. சீண்டினால் சில நொடிகளில் உருண்டு, கால்களை நீட்டி, நுண்மணிகளை நடுவில் திரட்டி, உள்ளடக்கத்தை வெளியே கொட்டிவிடும். அதன் வேலையே அதுதான். கொட்டிய பிறகு அதற்குள் புரதத்தைத் தேடுவதில் பொருளில்லை.

21 கேஜ் அல்லது அதைவிட அகன்ற ஊசி. கட்டுப் பட்டையை இறுக்கி நெடுநேரம் விடக் கூடாது. முதல் 2 முதல் 3 மில்லிலிட்டரைத் தனிக் குழாயில் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். ஊசி குத்திய காயத்தில் உருவான, தட்டணுவைத் தூண்டும் திராம்பின் அதில்தான் இருக்கும். பிறகு 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. ஈடிடிஏ குழாய் வேண்டாம். எண்ணிக்கை பார்க்க அது நல்லது, ஆனால் தட்டணுவின் உருவத்தை மாற்றிவிடும். கண்ணாடியைத் தவிருங்கள், தட்டணு அதில் ஒட்டித் தூண்டப்படும். குழாய், பிப்பெட் முனை எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்கட்டும். குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

அடுத்தது என்னை மூன்று மாதம் சுற்றவிட்ட தவறு. ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைக்கக் கூடாது. புரதம் சிதையாமலிருக்க எல்லாவற்றையும் குளிரில் வைப்பது ஆய்வகப் பழக்கம். நானும் வைத்தேன். தட்டணுவின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடி அதன் தட்டு வடிவத்தைத் தாங்கும் நுண்குழல்கள் குளிரில் கலைந்துவிடும். தட்டு உருண்டையாகும். என் நுண்ணோக்கிப் படங்களில் வரிசையாக உருண்டைகளே வந்தன. நிலைப்படுத்தியைச் சந்தேகித்தேன், தாங்கல் கரைசலைச் சந்தேகித்தேன், ரத்தம் எடுத்தவரைக்கூடச் சந்தேகித்தேன். பனிக்கட்டிப் பெட்டியைச் சந்தேகிக்கவே இல்லை. அறை வெப்பநிலை அல்லது 37 டிகிரி செல்சியஸ்: நிலைப்படுத்தி சேரும் வரை வேறு எதுவும் கிடையாது.

மையவிலக்கியில் புவியீர்ப்பைப் போல 150 முதல் 200 மடங்கு விசையில் 10 முதல் 15 நிமிடம். பிரேக்கை அணைத்து வையுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவில் தட்டணுக்கள் இருக்கும். அதில் மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுங்கள். பேராசைப்பட்டு அடிவரை உறிஞ்சினால் வெள்ளணுக்களும் வந்து சேரும். சாய்த்துப் பார்த்து மெல்லச் சுழற்றுங்கள். தட்டு வடிவில் இருக்கும் தட்டணுக்கள் ஒளியைச் சிதறடித்து, பட்டுத்துணி அசைவது போன்ற மினுமினுப்பைக் காட்டும். உருண்டுவிட்டவை காட்டாது. செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் எனக்கு முதலில் சொல்லித்தரவில்லை. மினுமினுப்பு இல்லையென்றால் அன்றைய மாதிரியை அங்கேயே கைவிடுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

எவ்வளவு ரத்தம் வேண்டும்? நலமான ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 தட்டணுக்கள் இருக்கும். 10 மில்லிலிட்டரில் குறைந்தது 150 கோடி. பல பிளாக்குகளுக்கு (ஜெலட்டினில் பதித்த சிறு துண்டுகளுக்கு) இது போதும்.

4. நிலைப்படுத்துதல்

தட்டணுக்களை முதலில் கழுவி, வீழ்படியவைத்து, பிறகு நிலைப்படுத்தலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு சுழற்றலும் ஒரு சீண்டல். பிளாஸ்மாவில் மிதக்கும்போதே, 37 டிகிரிக்குச் சூடாக்கிய இருமடங்கு வலுவுள்ள நிலைப்படுத்தியைச் சம அளவு ஊற்றிவிடுங்கள். கலந்த பின் 4 சதவீத ஃபார்மால்டிஹைடும் 0.2 சதவீத குளூட்டரால்டிஹைடும், 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசலில், பிஎச் 7.4 என்று வர வேண்டும். பத்து நிமிடம் கழித்து மெதுவாகச் சுழற்றி, புதிய நிலைப்படுத்தியில் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

ஃபார்மால்டிஹைடைப் பாராஃபார்மால்டிஹைடுத் தூளிலிருந்து அன்றே தயாரிக்க வேண்டும். சுமார் 60 டிகிரியில் சூடாக்கி, ஓரிரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் கரையும். கடையில் கிடைக்கும் ஃபார்மலினில் மெத்தனால் கலந்திருக்கும். குளூட்டரால்டிஹைடு கூடினால் உருவம் அழகாக வரும், எதிர்ப்பொருள் பற்றாது. குறைந்தால் பற்றும், சவ்வுகள் கலங்கும். புதிய புரதம் என்றால் ஒரே ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குளூட்டரால்டிஹைடு இல்லாமலும் செய்து வையுங்கள். கூடுதல் செலவு மிகக் குறைவு, பிறகு மிகவும் கைகொடுக்கும்.

உடனே அடுத்த படிக்குப் போக முடியாவிட்டால் 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் சில வாரம் காக்கலாம். இப்போது குளிர் ஒன்றும் செய்யாது.

5. ஜெலட்டின், சுக்ரோஸ், உறைவு

கிளைசின் சேர்த்த தாங்கல் கரைசலில் கழுவி, மீதமிருக்கும் ஆல்டிஹைடை முடக்குங்கள். 37 டிகிரியில் 12 சதவீத ஜெலட்டினில் கலந்து, சுழற்றி, பனிக்கட்டியில் இறுக வையுங்கள். அரை மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் சுக்ரோஸ் நடுவரை ஊறாது, ஊறாத இடத்தில் பனிப்படிகம் வளர்ந்து தட்டணுவைக் கிழிக்கும். 2.3 மோலார் சுக்ரோஸில் 4 டிகிரியில் இரவு முழுதும் சுழலவிட்டு, மறுநாள் அலுமினிய ஊசித் தலையில் ஏற்றித் திரவ நைட்ரஜனில் முக்குங்கள். திரவ நைட்ரஜனைக் காற்றோட்டமில்லாத சிறு அறையில் கையாளக் கூடாது. மூச்சுத்திணறல் முன்னறிவிப்பின்றி வரும்.

6. சீவல் எடுத்தல்

இதை எழுத்தில் கற்றுத்தர முடியாது. கை தெரிந்த ஒருவரின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். சுமார் 100 டிகிரி உறைநிலைக்குக் கீழே பிளாக்கைச் செதுக்கி, 110 முதல் 120 டிகிரி கீழே 60 முதல் 80 நானோமீட்டர் தடிமனில் வெட்டுகிறோம். சீவல் கத்தியில் ஒட்டிச் சுருங்கினால் வெப்பம் கூடுதல். நொறுங்கினால் குளிர் கூடுதல். நிலைமின்சாரத்தால் சீவல்கள் பறக்கும், அயனியாக்கி இருந்தால் போடுங்கள். குச்சியில் ஒட்டிய கண்ணிமை முடியால் சீவலை நகர்த்தி, மெத்தில் செல்லுலோஸும் சுக்ரோஸும் சம அளவில் கலந்த துளியால் எடுத்து, ஃபார்ம்வார் படலம் பூசிய கிரிட்டில் (நுண்ணோக்கிக்குள் போகும் சிறு உலோக வலைத்தட்டு) வையுங்கள்.

செலவின் பெரும்பகுதி இங்கேதான். வைரக்கத்தியின் விளிம்பு ஒரு தவறான நகர்த்தலில் உடையும், அதன் விலை உங்கள் எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றின் விலையையும் மிஞ்சக்கூடும். முதல் வாரங்களில் கண்ணாடிக் கத்தியில் பழகுங்கள்; செதுக்குவதற்கு எப்போதுமே வைரக்கத்தியின் நல்ல விளிம்பைத் தொடாதீர்கள். கருவி நேரத்தை அரை நாளாகப் பதிவு செய்யாமல் முழு நாளாகவே பதிவு செய்யுங்கள். குளிரூட்டி நிலைபெறவே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஏற்றாத சீவல்களை அந்த மெத்தில் செல்லுலோஸ் படலத்தோடு 4 டிகிரியில் சில வாரம் வைத்திருக்கலாம். ஒரு நல்ல நாளில் முப்பது கிரிட் எடுத்து வைப்பதே என் பழக்கம்.

7. எதிர்ப்பொருளும் தங்கமும்

கிரிட்டைச் சீவல் கீழே இருக்கும்படி 37 டிகிரியில் தாங்கல் கரைசலின் மேல் அரை மணி நேரம் மிதக்கவிட்டு ஜெலட்டினைக் கரையுங்கள். பிறகு கிளைசின், 1 சதவீத அல்புமின் (கண்ட இடத்தில் எதிர்ப்பொருள் ஒட்டாமல் தடுக்க), முதல் எதிர்ப்பொருள் (உங்கள் புரதத்தைப் பற்றுவது) 30 முதல் 60 நிமிடம், கழுவல், தங்கம் 20 முதல் 30 நிமிடம், கழுவல், 1 சதவீத குளூட்டரால்டிஹைடு ஐந்து நிமிடம். ஒவ்வொன்றும் பாராஃபில்ம் மேல் ஒரு துளி. எதிர்ப்பொருளுக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் துளி போதும், அதனால் ஒரு சிறு குப்பி நெடுநாள் வரும். கிரிட்டின் முதுகு நனையக் கூடாது, சீவல் பக்கம் காயக் கூடாது. எதிர்ப்பொருளையும் தங்கத்தையும் பயன்படுத்துமுன் ஒருமுறை சுழற்றினால் திரளைகள் அடியில் தங்கிவிடும். தங்கக் கரைசலை ஒருபோதும் உறைய வைக்காதீர்கள். எதிர்ப்பொருளை ஒளிர்சாயத்துக்கு நீர்த்ததைவிடக் குறைவாகவே நீர்க்க வேண்டியிருக்கும்: 10 மடங்கு, 50 மடங்கு, 200 மடங்கு என்று மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள்.

தட்டணுவுக்கென்றே உரிய பொறிகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஆல்ஃபா நுண்மணி பிளாஸ்மாவிலிருந்து விழுங்கிய புரதங்களால் நிறைந்தது. ஃபைப்ரினோஜன், அல்புமின், ஐஜிஜி (ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருள் வகை) ஆகிய மூன்றும் அப்படி வந்தவை. எதிர்ப்பொருள்களைப் பற்றும் பாக்டீரியப் புரதமான புரோட்டீன் ஏ, மனித ஐஜிஜியை இறுகப் பற்றும். ஆகவே புரோட்டீன் ஏ பூசிய தங்கத்தை நேரடியாக விட்டால், எந்த எதிர்ப்பொருளும் இல்லாமலே ஆல்ஃபா நுண்மணியில் தங்கம் போய் உட்காரும். நான் தேடிய புரதம் நுண்மணிக்குள் இருப்பதாக ஒரு குழுக் கூட்டத்தில் படம் காட்டி மகிழ்ந்தேன். எதிர்ப்பொருள் விடாத கிரிட்டை அடுத்த வாரம்தான் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே அளவு தங்கம்.

மனித ஐஜிஜியோடு வினைபுரியாதபடி வடிகட்டப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருளில் (முதல் எதிர்ப்பொருளைப் பற்றுவது) நேரடியாகத் தங்கம் இணைத்ததைப் பயன்படுத்துங்கள். எலி ஐஜிஜி1 வகையைப் புரோட்டீன் ஏ நன்றாகப் பற்றாது என்பதால் நடுவில் முயல் எதிர்ப்பொருளைப் பாலமாக வைப்பது வழக்கம். அந்தப் பாலமும் மனித ஐஜிஜியைப் பற்றாததாக இருக்க வேண்டும். நீங்கள் தேடுவதே அல்புமினாக இருந்தால், தடுப்புக்கு மாட்டு அல்புமினை விடாமல் மீன்தோல் ஜெலட்டினை விடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கூடவே ஓட வேண்டிய கிரிட்கள் நான்கு: முதல் எதிர்ப்பொருள் இல்லாதது; அதே இன விலங்கின், அதே செறிவுள்ள, தொடர்பில்லாத ஐஜிஜி விட்டது; ஃபைப்ரினோஜன் அல்லது வான் வில்லிபிராண்ட் எதிர்ப்பொருள் விட்டது; உங்களுடையது. அந்தப் புரதமே இல்லாத நோயாளியின் தட்டணு கிடைத்தால் அதைவிட வலுவான சான்று கிடையாது. ஆல்ஃபா-2பி-பீட்டா-3 இன்டெக்ரின் என்ற சவ்வுப் புரதத்துக்குக் கிளான்ஸ்மன் நோயாளியின் தட்டணுக்கள் அப்படிப்பட்டவை.

8. சாயம்

குளூட்டரால்டிஹைடுக்குப் பிறகு நீரில் எட்டு முதல் பத்து முறை கழுவுங்கள். பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருந்தால் யுரேனைலோடு சேர்ந்து கருநிறப் படிகமாகும். அது தங்கம் போலவே தெரியும். பிறகு நடுநிலை பிஎச் யுரேனைல் ஆக்சலேட் ஐந்து நிமிடம், அதன்பின் பனிக்கட்டி மேல் மெத்தில் செல்லுலோஸும் யுரேனைல் அசிட்டேட்டும் ஒன்பதுக்கு ஒன்று கலந்த கரைசல் ஐந்து முதல் பத்து நிமிடம். வளையத்தால் தூக்கி, வடிதாளின் ஓரத்தில் மெதுவாக இழுத்து அதிகப்படியை வடியுங்கள். அதிகமாக வடிந்தால் படலம் மெலிந்து சவ்வுகள் சுருங்கும். குறைவாக வடிந்தால் தடித்து எல்லாம் இருட்டாகும்.

9. நுண்ணோக்கியின் முன்

80 கிலோவோல்ட் போதும். முதலில் குறைந்த பெரிதாக்கத்தில் தட்டணுக்களின் வடிவத்தை மட்டும் பாருங்கள். ஓய்வில் இருந்தவை நீள்வட்டமாக, இரு முனைகளிலும் நுண்குழல்களின் வட்ட வெட்டுகளோடு தெரியும். பெரும்பாலானவை உருண்டையாக, கால் நீட்டி இருந்தால் தங்கத்தைப் பார்க்கவே வேண்டாம்.

ஆல்ஃபா நுண்மணிகள் 200 முதல் 500 நானோமீட்டர் அளவில், தட்டணு ஒன்றுக்கு 50 முதல் 80 வரை இருக்கும், எளிதில் அகப்படும். மற்றொரு வகையான அடர் நுண்மணிகள் 3 முதல் 8 மட்டுமே. 70 நானோமீட்டர் சீவல் ஒன்றில் பல தட்டணுக்களில் ஒன்றுகூடத் தெரியாது. இல்லை என்று முடிவுகட்டாமல் நூற்றுக்கணக்கில் பாருங்கள். சிடி63 எதிர்ப்பொருள் அதன் சவ்வை அடையாளம் காட்டும், ஆனால் லைசோசோமையும் காட்டும்.

இன்னொரு குழப்பம், மேற்பரப்பிலிருந்து உள்ளே வளைந்தோடும் திறந்த கால்வாய் அமைப்பு. சீவலில் அது உள்ளே இருக்கும் ஒரு வெற்றுப்பை போலத் தெரியும். அதன் சவ்வில் உள்ள புரதம் உண்மையில் வெளிப்புறத்தோடு தொடர்புள்ளது. சந்தேகம் இருந்தால் அதே ரத்தத்தின் ஒரு பங்கை ருத்தேனியம் சிவப்பும் ஆஸ்மியமும் சேர்த்து ரெசினில் பதித்துப் பாருங்கள். வெளியோடு திறந்திருக்கும் சவ்வுகள் கறுத்துத் தெரியும்.

தங்கம் புரதத்தின் மேலேயே இருப்பதில்லை. எதிர்ப்பொருளின் நீளம் நடுவில் இருக்கிறது. 15 முதல் 20 நானோமீட்டர் வரை தள்ளியிருக்கலாம், பாலம் வைத்தால் இன்னும் கூடும். சவ்விலிருந்து அந்த எல்லைக்குள் இருக்கும் துகளைச் சவ்வுக்கு உரியது என்றோ உள்ளே இருப்பது என்றோ ஒரே துகளை வைத்து அடித்துச் சொல்லாதீர்கள்.

10. எண்ணுதல், பதிவு

கிரிட்களுக்கு வேறொருவரைக் கொண்டு குறியீடு போடச் சொல்லுங்கள். எது கட்டுப்பாட்டு கிரிட் என்று தெரியாமல் எண்ண வேண்டும். ஓரிடத்தில் தொடங்கிச் சம இடைவெளியில் நகர்ந்து, எந்தத் தட்டணு வந்தாலும் படமெடுங்கள். அழகான தட்டணுக்களைத் தேடி எடுத்த படங்களை எண்ணி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு எத்தனை துகள் என்று கணக்கிடுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மேலும் தட்டணு இல்லாத வெற்றிடத்திலும் கிடைக்கும் எண்ணிக்கையைப் பின்னணியாகக் கொள்ளுங்கள். மூன்று கொடையாளர்களுக்குக் குறைந்து எதையும் எழுத வேண்டாம்.

காலக் கணக்கு இப்படி வரும்: ரத்தமும் நிலைப்படுத்தலும் முதல் நாள், ஜெலட்டினும் சுக்ரோஸும் இரண்டாம் நாள், உறைய வைத்துச் சீவுவது மூன்றாம் நாள், தங்கமும் சாயமும் நான்காம் நாள், நுண்ணோக்கி ஐந்தாம் நாள். திங்கட்கிழமை ரத்தம் எடுத்தால் வெள்ளிக்கிழமை படம் கிடைக்கும். வியாழனன்று எடுக்காதீர்கள், சுக்ரோஸில் ஊறும் மாதிரி வார விடுமுறையில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

மீதமுள்ள பிளாக்குகளைத் திரவ நைட்ரஜனிலேயே வையுங்கள், ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒவ்வொரு அலுமினிய ஊசியின் காம்பிலும் கொடையாளரின் குறியீட்டு எண்ணைக் கீறி வையுங்கள். ஒட்டுத்தாள் அந்தக் குளிரில் உரிந்து விழுந்துவிடும். குறிப்பேட்டில் அதே எண்ணுக்கு எதிரே, ரத்தம் எடுத்த நேரத்தையும் நிலைப்படுத்தி ஊற்றிய நேரத்தையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். மினுமினுப்பு இருந்ததா என்பதையும் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள்.